எதிர்த்தறிக்காரர்

போனில் பின்னால் சத்தமே இல்லை என்பதுதான் என் தம்பி மனைவிக்கு முதலில் உறைத்தது. தறிக்கூடத்து ஆபீசிலிருந்து யார் பேசினாலும், தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவதுபோல ஓர் இரைச்சல் பேச்சோடு கூடவே வரும். அன்று மதியம் வந்த போனில், பேசவந்தவர் தொண்டையைச் செருமியது பக்கத்து அறையில் யாரோ செருமியதுபோல அத்தனை தெளிவாகக் கேட்டிருக்கிறது. அவர் விஷயத்தைச் சொல்லுமுன் இவள் எட்டி அடுப்பை அணைத்துவிட்டாள்.

"அத்தனை தறியையும் நிறுத்தி வெச்சிருக்காங்கன்னா, அது ஒண்ணுக்குத்தானே அண்ணி," என்றாள் பிறகு என்னிடம்.

தம்பிக்கு நெஞ்சடைப்பு. நின்ற இடத்திலேயே போய்விட்டான், ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றார்கள் ஆபீசில். காலையில் ரொட்டியும் அவித்த முட்டையும் டப்பாவில் வாங்கிக்கொண்டு, செருப்பு வார் அறுந்துவிட்டது, சாயங்காலம் தைக்கக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனவன். நான் வேறு ஊரில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். தகவல் தெரிந்ததும் கிடைத்த வண்டியில் ஏறி வந்தவள், அவளைத் தனியே விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

தம்பி பேசாத ஆள். சிறுவயதில் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், போதுமா என்றால் தலையசைப்பான். அவனுக்கு வாய்த்தவளும் லேசுப்பட்டவள் இல்லை. வேற்று மனிதர் என்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். யாராவது கதவைத் தட்டினால் உடனே திறக்கமாட்டாள். ஜன்னலோரமாக நின்று யாரென்று பார்ப்பாள், கையைத் துடைப்பாள், தலையைச் சரிசெய்வாள், என்ன பேசுவதென்று ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். அதற்குள் வந்தவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். கடைக்காரன், வீட்டுக்காரர், மின்சார ஆபீஸ் எல்லாம் தம்பி பொறுப்பு. ரெண்டு ஊமை சேர்ந்து நடத்துற குடித்தனம் என்று நான் கேலி செய்வதுண்டு. அந்தக் குடித்தனத்தில் இப்போது வெளியே போய்ப் பேசுகிற ஊமை இல்லை.

அந்தத் தறிக்கூடத்தை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் சத்தம் காதில் விழவில்லை, பல்லில் விழுந்தது. இரண்டு வரிசைத் தறிகள், நடுவில் ஒரு சந்து. சந்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், எதிரும் புதிருமாக நின்று ஆளுக்குச் சில தறிகளைப் பார்த்துக்கொள்வார்கள். இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். பாவுக்குக் குறுக்கே ஓடுகிற நாடாவில் நூல் தீர்ந்தால் மாற்ற வேண்டும். தொண்டை கிழியக் கத்தினாலும் அங்கே அடுத்த ஆளுக்குக் கேட்காது. அதனால் அவர்கள் குரலே இல்லாமல், உதட்டை அகல அகல அசைத்துப் பேசுவார்கள். எதிரே நிற்பவர் அதைக் கண்ணால் கேட்டுக்கொள்வார். 'இங்க கத்தினா யாருக்கும் தெரியாது, குசுகுசுன்னு பேசினா கூடத்துக்கே தெரிஞ்சிடும்' என்று தம்பி ஒருமுறை சொன்னான். அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

உடலைக் கொண்டுவந்த அன்று தறிக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி. எதிர்ப்பக்க நடைபாதையில் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, சத்தம் மட்டும் இல்லை. யாரும் வாசலேறவில்லை. துக்க வீட்டின் முன்னால் நின்று இப்படியா வாயை மென்றுகொண்டிருப்பது என்று மாடிவீட்டு அம்மாவுக்குக் கோபம். எனக்கும் கொஞ்சம் இருந்தது. அடக்கம் முடிந்ததும் அவர்கள் கலைந்து போனார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒருவரும் இல்லை என்பது சரியில்லை. அடுத்த வாரம் நான் சோப்பும் உருளைக்கிழங்கும் வாங்கப் போயிருந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டிருக்கிறது. இவள் தன் வழக்கப்படி எல்லாம் செய்து முடித்து, கதவைக் கையகலம் திறந்திருக்கிறாள். நெட்டையாக ஒரு ஆள். கண் சிவந்திருந்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வாயைத் திறந்திருக்கிறார். வாய் பெரிது பெரிதாக அசைகிறது, பேச்சு வரவில்லை. நிறுத்திவிட்டு மறுபடியும் அதையே செய்திருக்கிறார்.

"குடிச்சிட்டு வந்து கேலி பண்றான்னு நினைச்சிட்டேன் அண்ணி," என்றாள்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, நான் வரும்வரை அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தறிக்கூடத்துப் பேச்சைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்லை. அவன் அப்படி உதட்டை அசைத்து அவள் பார்த்ததும் இல்லை. கூடத்துக்குள் போய்ப் பார்த்த எனக்கும் அன்று தோன்றவில்லை. அந்த நாட்களில் எங்கள் இருவருக்கும் ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கிற தெளிவு இல்லை. யாரோ குடிகாரன் என்று விட்டுவிட்டோம்.

பிறகு மேஸ்திரி வந்தார். குள்ளமான மனிதர், பேச்சு மட்டும் தெருக்கோடிவரை போகும். தம்பியின் சாப்பாட்டு டப்பா, மாற்றுச் சட்டை, சீப்பு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். டீ கொடுத்தோம். காற்று இப்படிக் காய்ந்து அடித்தால் இழை நிற்காது, இந்த மாதம் வேலையே ஓடவில்லை என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு, எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பில் சாதாரணமாகக் கேட்டார்.

"எதிர்த்தறிக்காரன் வந்து சொன்னானா? உங்க வீட்டுக்காரர் கடைசியா பேசினதை?"

என் தம்பி மனைவி கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தாள். வைத்த பிறகும் விரல்கள் டம்ளரைப் பிடித்த மாதிரியே வளைந்திருந்தன.

"பேசினாரா?" என்றாள்.

மேஸ்திரிக்கு அப்போதுதான் புரிந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை, அதனால் அவர் பேசவில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். கேட்காததைப் பேச்சு என்று எப்படிச் சொல்வார்கள்? ஆனால் எதிரே நின்றவன் பார்த்திருக்கிறான். என்ன பேச்சு என்று தானும் கேட்டுப் பார்த்தாயிற்று, சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டுத்தான் மறுபேச்சு என்கிறான். அவனுக்குக் காது போய் ரொம்ப நாளாயிற்று, தன் குரல் வெளியே வருகிறதா இல்லையா என்றே அவனுக்குத் தெரியாது, பதற்றம் வந்தால் வாய் மட்டும்தான் ஓடும். இங்கே வந்தானாம், கதவைச் சாத்திவிட்டார்களாம். இனிமேல் வரமாட்டேன் என்கிறான்.

"ரோஷம் இல்லீங்க," என்றார் மேஸ்திரி. "பயம்."

அவர் போன பிறகு அவள் வெகுநேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் பேசாமல் போனான் என்பதை நாங்கள் இருவரும் எப்படியோ விழுங்கி முடித்திருந்தோம். இப்போது அது பொய். அவன் பேசியிருக்கிறான். பேசியது எங்கோ ஒரு மனிதரின் கண்ணுக்குள் இருக்கிறது. அது வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது.

போய்க் கேட்டுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அவள் வெளியே போகிற உடுப்பை மாட்டிக்கொள்வாள், செருப்பைக் காலில் நுழைப்பாள், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். தூசிக் காற்று என்பாள். அவர்கள் சாப்பிடுகிற நேரம் என்பாள். முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தியவள் எந்த முகத்தோடு போவது என்பாள்.

"போய் என்னன்னு கேக்கறது அண்ணி? எங்க வீட்டுக்காரர் பேச்சு உங்ககிட்ட இருக்காமே, எடுத்துக் குடுங்கன்னா?"

நான் போய்க் கேட்டு வரட்டுமா என்றேன். கொஞ்சம் யோசித்தாள். வேண்டாம் என்றாள். "உங்ககிட்ட சொன்னா உங்களுக்குச் சொன்னதாயிடும். எனக்கு மிச்சம்தான் வரும்."

ஒருநாள் தறிக்கூட வாசல்வரை போனோம். முறை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலையில் பஞ்சோடு வந்தவர்கள் அவளைப் பார்த்ததும் நின்றார்கள். சில உதடுகள் அசைந்தன. பிறகு எல்லோரும் தரையைப் பார்த்தபடி ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள். அந்த நெட்டை மனிதரும் அதில் இருந்திருக்க வேண்டும். அவள் தலைநிமிரவே இல்லை. அவர்கள் இவளுக்குப் பயந்தார்கள், இவள் அவர்களுக்குப் பயந்தாள். வெறுங்கையோடு வீடு திரும்பினோம்.

தறிக்கூடம் விடுமுறையாக இருந்த ஒரு நாள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவரும் அதே இடத்துலதானே நிக்கிறார் அண்ணி. அதே தறி, அதே காத்து. அவருக்கும் ஒண்ணு ஆயிட்டா?"

நான் பதில் சொல்வதற்குள் எழுந்துவிட்டாள். உரித்த தோல் மடியிலிருந்து தரையெல்லாம் கொட்டியது. உடுப்பு மாற்றவில்லை, வீட்டுச் செருப்போடு கிளம்பினாள். கதவைப் பூட்டிக்கொண்டு நான் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

சந்தைக்குப் பின்னால், தறிக்காரர்கள் குடியிருக்கிற ஒரே மாதிரி அறைகள் வரிசையாக இருக்கிற சந்து அது. வாசலுக்கு வாசல் கொடியில் துணி காய்ந்தது. சாயத் தண்ணீர் ஓடி ஓடிச் சாக்கடைக் கல் நீலமாகியிருந்தது. கேட்டுக் கேட்டுக் கடைசி அறைக்கு வந்தோம். கதவு ஒருக்களித்திருந்தது. நான் தட்டக் கையைத் தூக்கினேன். "இருங்க," என்றாள். தானே தட்டினாள், பூனை வாலால் தட்டுகிற மாதிரி. நின்றோம். மறுபடி தட்டினாள். காது கேட்காதவர் வீட்டில் இப்படித் தட்டினால் பொங்கலோ தீபாவளியோ வந்து போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் உள்ளங்கையை விரித்துக் கதவில் அறைந்தாள். கொடியில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது.

அவர் மனைவி வந்தார். எங்களைப் பார்த்ததும் யாரென்று கேட்கவில்லை, ஒதுங்கி வழிவிட்டார். தரையில் படுத்திருந்தவர் எழுந்து அவசரமாகச் சட்டையை மாட்டினார், உள்பக்கம் வெளியே வந்தது. வாய் அசைந்தது. அன்று கதவருகே அசைந்தது இப்படித்தான் இருந்திருக்கும். சத்தம் இல்லை.

"சத்தம் வரலை," என்று மனைவி அவர் தொண்டையில் இரண்டு விரலை வைத்தார். எங்களிடம் சொன்னார், "இப்படித் தொட்டாத்தான் அவருக்குத் தெரியும்."

அவர் விழுங்கிக்கொண்டார். பிறகு குரல் வந்தது, கரகரவென்று, அறைக்குப் பொருந்தாத உரத்த குரல்.

"அன்னிக்கு நான் குடிக்கலைங்க."

"தெரியும்," என்றாள் என் தம்பி மனைவி தரையைப் பார்த்து.

"மூஞ்சியைப் பார்த்துச் சொல்லும்மா," என்றார் அவர் மனைவி. "குனிஞ்சுக்கிட்டா அவருக்கு நீ பேசவே இல்லைன்னு அர்த்தம்."

அவள் நிமிர்ந்தாள். வேற்று மனிதர் ஒருவரை அவள் அப்படி நேராகப் பார்த்து நான் பார்த்ததில்லை. "தெரியும். தப்பு என்னோடது. அவர் என்ன சொன்னார்?"

"அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். அதைக் கேட்டுட்டு நீங்க என்ன வேணா சொல்லுங்க." அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையசைத்தார், குரல் வருகிறது என்று. "காத்து காஞ்ச நாளு. இழை இழையா அறுந்துக்கிட்டே இருக்கு, காலையிலேருந்து ரெண்டு பேரும் ஓடறோம். நிமிர்ந்து பார்த்தா அவர் தறியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார், மூஞ்சி வேற மாதிரி. கிட்ட வான்னு கையைக் காட்டினார். போனேன். உக்காந்துட்டார். உக்காந்து பேசறார்."

தொண்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மெயின் சுவிட்ச் அந்தக் கோடியில. நான் கத்தினா யாருக்குக் கேக்கும்? ஓடிப்போய் அதை இறக்கினாத்தான் ஆளுங்க வருவாங்க. ஆனா நான் திரும்பினா அவர் பேசறது போயிடும். அது சத்தம் இல்லையே, முதுகுக்குக் கேக்காதே. அவர் பேசிக்கிட்டிருக்கார். நான் ஓடலைங்க. முடிக்கட்டும்னு நின்னேன். முடிச்சார். அப்புறம்தான் ஓடினேன். சுவிட்சை இறக்கிட்டுத் திரும்பி வந்தா, இல்லை."

அந்த நேரம், என் தம்பிக்கு மூச்சு இருந்த நேரம், இந்த மனிதர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். எழுந்து எதையாவது சொல்லியிருப்பேன். என் தம்பி மனைவி என் முழங்கையில் கை வைத்திருந்தாள். எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை.

"என்ன சொன்னார்?" என்றாள் மறுபடி, அதே மாதிரி.

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். "வீட்டுக்குப் போன் பண்ணாதே. நீயே போ. அவ சீக்கிரம் கதவைத் திறக்கமாட்டா. நில்லு."

சொல்லிவிட்டு அவர் தன் மனைவியைப் பார்த்தார்.

"அதுக்குள்ள ஆபீஸ்ல போன் பண்ணிட்டாங்க. நான் வண்டியில அவரோட போயிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் அழவில்லை. முகம் அடி வாங்கியதுபோல வெளுத்திருந்தது. "அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்லுங்க. சத்தம் வேண்டாம்," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. மனைவி அவர் பக்கம் திரும்பி உதட்டாலேயே விளக்கினார். அவர் வேண்டாம் என்பதுபோலக் கையை ஆட்டினார். அவள் பார்வையை எடுக்கவில்லை. பிறகு அவர் தோளைத் தளரவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, சொன்னார். வேறொருவர் முகம்தான், வேறொருவர் பல்தான். ஆனால் அகலத் திறக்கச் சோம்பல்படுகிற அந்த மேலுதடு என் தம்பியுடையது. எத்தனை வருஷம் எதிரே பார்த்தால் ஒரு மனிதரின் வாய் இன்னொருவர் வாய்க்குள் இப்படி இறங்கும்? கடைசிச் சொல்லில் உதடு குவிந்து அப்படியே நின்றது.

"இன்னொரு தடவை," என்றாள்.

செய்தார்.

அவள் மூச்சை வெளியே விட்டாள். "நில்லுன்னாரே. நீங்க ஏன் நிக்கலை?"

அவர் முகம் சுருங்கிப்போனது. "பயந்துட்டேன்."

"என்ன பயம்?"

"ஏன் ஓடலைன்னு கேப்பீங்கன்னு."

நான் அவளைப் பார்த்தேன். கேட்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவும் அவளுக்கு உரிமை இருந்தது.

"ஓடியிருந்தா பொழைச்சிருப்பாரான்னு உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது," என்றாள் மெதுவாக, அவர் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி. "நானும் பயந்துதான் சாத்தினேன்." கொஞ்சம் பொறுத்து, "அண்ணியைப் பத்தி ஏதாவது சொன்னாரா? இவங்க அவரோட அக்கா," என்றாள்.

இதை அவள் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் ஒரு பொய்க்கு இடம் இருந்தது, நானும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"இல்லைங்க அக்கா. முடியலை அவருக்கு."

"சரி," என்றேன். வேறென்ன சொல்வது?

"ஆனா மத்த நாள்ல பேசுவாரே," என்றார் அவர் மனைவி. "அக்கா அக்கான்னுதானே சொல்வாராம். இவர் வந்து எனக்குச் சொல்வார்."

"யார் பேசுவார்?" என்றேன். "என் தம்பியா? அவன் வாயே திறக்கமாட்டானே."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது, துக்கத்தோடு வந்தவர்கள் முன்னால் சிரிக்கிறோமே என்று அதை அடக்கப் பார்த்தார்.

"அவரா? ஓட்டை வாய்ங்க அக்கா. வந்து நின்னா சாயங்காலம் வரைக்கும் ஓயமாட்டார். வாயை மூடிட்டு இழையைப் பாருடான்னு மேஸ்திரி வந்து வந்து திட்டுவார். திட்டிட்டுத் திரும்பினா மேஸ்திரி மாதிரியே பேசிக் காட்டுவார். வீட்ல என்ன சமையல், இவங்க ஜன்னல் வழியா எப்படிப் பார்ப்பாங்க, எல்லாம் சொல்வார். வாய் வலிச்சுப்போய்த்தான் வீட்டுக்குப் போவார்."

ஊமைக்கோட்டான் என்று நாங்கள் பெயர் வைத்தவன், நாங்கள் ஒருநாளும் எட்டிப் பார்க்காத ஓர் இரைச்சலுக்கு நடுவில் நின்றுகொண்டு எங்களைப் பற்றியே பேசித் தீர்த்திருக்கிறான். அவ்வளவும் இந்த மனிதரிடம் இருக்கிறது.

"உங்களுக்குப் புத்தகம் படிக்கறப்ப உதடு அசையுமாமே," என்றார் என்னிடம். "சின்னப் பையனா எதிர்ல உக்காந்து அதைப் பார்த்துக்கிட்டே இருப்பாராம். கூடத்துல சேர்ந்த முதல் நாளே எல்லார் பேச்சும் அவருக்குப் புரிஞ்சிடுச்சு. எங்களுக்கெல்லாம் மாசக்கணக்காச்சு. எப்படிடான்னு கேட்டா, எங்க அக்கா சொல்லிக் குடுத்ததுன்னுவார்."

என் உதடு அசையும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வயதில் யாரும் சொன்னதில்லை. கையை எடுத்து வாய்மேல் வைத்துக்கொண்டேன்.

அவர் மனைவி டீ போட எழுந்தார். வேண்டாம் என்று சொல்வாள், கிளம்பலாம் அண்ணி என்பாள் என்று என் தம்பி மனைவியைப் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக விட்டாள். ஜன்னல் வெளிச்சம் அவர் வாயில் விழுவது தெரிகிற பக்கமாக நகர்ந்து, காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"முதல்லேருந்து சொல்லுங்க அண்ணா," என்றாள்.